உறைபனியில் பறவைப் படம்: ஹொக்கைடோ கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். கடந்த ஐந்து குளிர்காலங்களில் நான்கு முறை ஹொக்கைடோவின் கிழக்குப் பகுதிக்குப் பறவைப் படம் எடுக்கப் போய் வந்திருக்கிறேன். டிசம்பர் பிறந்தால் போதும், ஊரில் இருக்கும் நண்பர்களிடமிருந்து கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். கேட்பவர்களில் பெரும்பாலோர் வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கை பழகியவர்கள். வெயிலில் எடுக்கத் தெரியும், பனி புதிது. எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் இதைத் தொகுத்தேன்.

முதலில் ஒன்று. பனியில் படமெடுப்பது வெளிச்சத்தின் கணக்கு என்று நினைத்துத்தான் நானும் போனேன். பாதிதான் அது. மீதிப் பாதி வெப்பத்தின் கணக்கு. பறவை எங்கே நிற்கும், பேட்டரி எப்போது சாகும், லென்ஸ் ஏன் மங்கும், படம் ஏன் கூர்மையில்லாமல் வரும் என்று எதைக் கேட்டாலும் பதில் அங்கேதான் போய் முடியும்.

பனியில் பறவை எடுக்க எத்தனையோ நாடு இருக்க, ஏன் ஹொக்கைடோ?

ஒரு வாரத்துக்குள், காரில் எட்டும் தூரத்துக்குள், மூன்று பெரிய பறவைகள் கிடைப்பதால். குஷிரோ நகரத்துக்கு வடக்கே த்சுருய் கிராமத்தில் செம்முடிப் பெருங்கொக்கு, ராவுசு துறைமுகத்தில் ஸ்டெல்லர் கடற்கழுகு, குஷ்ஷாரோ ஏரியில் அன்னம். சில்லறையாக ஆந்தைகளும் சின்னஞ்சிறு காட்டுப் பறவைகளும் உண்டு.

கொக்கு என்றதும் வயல் வரப்பில் நிற்கும் நம்மூர்க் கொக்கை நினைத்துவிட வேண்டாம். சாரஸ் இனத்தின் உறவுக்காரப் பறவை இது. நின்றால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர், சிறகை விரித்தால் இரண்டரை மீட்டரை நெருங்கும். ஜப்பானியர் இதைத் தன்ச்சோ என்பார்கள். இனி நானும் அப்படியே எழுதுகிறேன். உடல் வெள்ளை, கழுத்து கருப்பு, உச்சந்தலையில் சிவப்பு. அந்தச் சிவப்பு இறகு இல்லை, வெறுந்தோல். நிற்கும்போது கருப்பு வாலாகத் தெரிவதும் வால் இல்லை, மடித்த சிறகின் உள்பக்க இறகுகள். பறக்கும்போது பாருங்கள், வால் வெள்ளையாகத்தான் இருக்கும்.

ஜப்பானில் இது அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்த காலம் உண்டு. 1924-இல் குஷிரோ சதுப்பு நிலத்தில் பத்துச் சொச்சம் பறவைகள் மிஞ்சியிருப்பது தெரிய வந்தது. 1952-இல் எண்ணியபோது 33. அந்தக் கடுங்குளிர் ஆண்டுகளில்தான் அக்கம்பக்கத்து விவசாயிகள் மக்காச்சோளம் போட ஆரம்பித்தார்கள், பறவைகளும் பழகின. இன்று 1,500-க்கும் மேல் இருக்கின்றன. நீங்கள் எடுக்கப்போகும் படம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தச் சோளம் இருக்கிறது. இப்போது ஒரே இடத்தில் இவ்வளவு கூடினால் நோய் பரவும் என்ற பயத்தில், தீனியின் அளவை அரசே படிப்படியாகக் குறைத்து வருகிறது.

எந்த மாதம் போகலாம்?

பிப்ரவரி. ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் பிப்ரவரியின் நடு இரண்டு வாரம். பனி நன்றாகப் படிந்திருக்கும், ஓக்கோட்ஸ்க் கடலின் மிதவைப் பனிக்கட்டி ராவுசு பக்கம் வர வாய்ப்பு அதிகம், தன்ச்சோ ஜோடிகள் ஆடத் தொடங்கியிருக்கும். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், பனியும் போதாமல் இருக்கலாம். மார்ச்சில் ஆட்டம் அதிகம், ஆனால் மதியத்தில் பனி இளகி வயலில் மண் தெரிய ஆரம்பிக்கும்.

போய்ச் சேருவது எப்படி?

டோக்கியோ ஹனேடாவிலிருந்து குஷிரோவுக்கு விமானம் இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். விமான நிலையத்தின் பெயரிலேயே தன்ச்சோ உண்டு. அங்கே கார் வாடகைக்கு எடுப்பதுதான் வழி. பேருந்தை நம்பினால் விடியற்காலை நழுவிவிடும். பனி டயர் போட்ட வண்டி என்பதைப் பதிவு செய்யும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.

வரைபடத்தில் பார்த்தால் உத்தோரோவும் ராவுசுவும் பக்கத்துப் பக்கத்து ஊராகத் தெரியும். ஷிரெத்தோகோ தீபகற்பத்தின் குறுக்கே போகும் அந்த மலைப்பாதை குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், சுற்றித்தான் போக வேண்டும். இதைப் பார்க்காமல் அறை போட்டு ஒரு பகலைத் தொலைத்த நண்பர் எனக்கு உண்டு.

ஒட்டோவா பாலம் என்கிறார்களே, அங்கே அப்படி என்ன?

த்சுருய் கிராமத்தில் செட்சுரி என்றொரு சின்ன ஆறு. ஊற்றுநீர் கலப்பதால் கடுங்குளிரிலும் முழுக்க உறையாது. காற்று மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கினாலும் ஓடும் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். அதனால் பறவைக்கு அந்த ஊரிலேயே கதகதப்பான இடம் ஆற்றின் நடுதான். கணுக்கால் அளவு தண்ணீரில், ஒற்றைக் காலில், அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு இரவு முழுக்கத் தூங்கும். நரியும் அங்கே சத்தமில்லாமல் வர முடியாது. பாலத்தின் மேல் நின்றால் ஆற்றின் மேல்பக்கம் அவை உறங்குவது தெரியும்.

இனி விடியலில் நடப்பது. தண்ணீரிலிருந்து ஆவி எழுந்து குளிர்ந்த காற்றில் புகையாக நிற்கும். அந்த ஆவியே கரையோர மரங்களில் ஒட்டி, ஒவ்வொரு சுள்ளியிலும் வெள்ளை ஊசியாக உறையும். நமக்குப் புல் நுனியில் துளிர்ப்பதும் பனி, மார்கழியில் கண்ணை மறைப்பதும் பனி, இமயத்தில் விழுவதும் பனி. ஒட்டோவா பாலத்தில் நின்றால் அந்த ஒரே சொல்லின் எல்லாப் பொருளும் ஒரே சட்டகத்துக்குள் வரும்: கீழே மூடுபனி, மரத்தில் உறைபனி, கரையில் வெண்பனி, நடுவில் சாம்பல் நிழலாகப் பறவை. சூரியன் எட்டிப் பார்த்ததும் புகை பொன்னிறமாகிச் சில நிமிடம் அப்படியே நிற்கும், பிறகு கலையும்.

எல்லாக் காலையிலும் இது நடக்காது. வானம் தெளிந்திருக்க வேண்டும், காற்று அசையக்கூடாது, மைனஸ் 15-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். முந்தைய இரவு நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் எழுந்திருங்கள், மேகம் மூடியிருந்தால் தூங்குங்கள். நான் ஒன்பது விடியல் நின்றிருக்கிறேன், முழுமையாக வாய்த்தது இரண்டு.

எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும்?

பிப்ரவரி நடுவில் சூரியன் காலை 6:15 மணியை ஒட்டி எழும். நல்ல நாளில் 5 மணிக்கே ட்ரைபாட்கள் வரிசை கட்டியிருக்கும். உள்ளூர்ப் பெரியவர்கள் தினமும் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் போய் நிற்காதீர்கள், ஒரு ‘ஒஹாயோ கொசாய்மாஸ்’ சொல்லிவிட்டு ஓரமாக நில்லுங்கள். ஒருவர் தன் தெர்மாஸிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார், கோப்பை மூடியில் சிந்திய துளி நான் குடித்து முடிப்பதற்குள் கட்டியாகியிருந்தது.

பாலத்தில் யாராவது நடந்தாலே அதிர்வு லென்ஸுக்கு வரும். 600 மி.மீ. மாட்டியிருக்கும்போது அது நன்றாகவே தெரியும். நடை நின்றதும் அழுத்துங்கள். பறவை தூரத்தில்தான் இருக்கும், 500 மி.மீ.க்குக் குறைவான லென்ஸ் வைத்திருப்பவர்கள் பறவையைப் பெரிதாக்கப் பார்க்காமல் மரமும் ஆறுமாக எடுங்கள். அங்கே எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் 200 மி.மீ.யில் எடுத்தது. பறவை அதில் நெல்மணி அளவுதான்.

என் படத்தில் பனி சாம்பல் நிறமாக வருகிறது. கேமராவில் கோளாறா?

கோளாறு இல்லை. கேமராவின் மீட்டருக்கு உலகமே நடுச்சாம்பல்தான். சுண்ணாம்பு அடித்த சுவரைக் காட்டினாலும், கரிபிடித்த சட்டியைக் காட்டினாலும் இரண்டையும் ஒரே சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். சட்டகம் முழுக்கப் பனி இருந்தால் ‘அடேயப்பா, வெளிச்சம் கூடிப்போச்சு’ என்று அதுவே குறைத்துவிடும். அதைத் திருப்பிக் கூட்ட வேண்டியது நாம்தான்.

எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவு; +1 என்றால் ஒரு ஸ்டாப், அதாவது இரட்டிப்பு வெளிச்சம்) இப்படி வையுங்கள்: மேகமூட்டத்தில் +1, வெயிலில் பனி மட்டுமே தெரிந்தால் +1.7 முதல் +2 வரை. இது தொடக்கக் கணக்குதான். தன்ச்சோ ஒன்று பனிவயலில் இருந்து கிளம்பி, கரும்பச்சை ஊசியிலைக் காட்டின் முன்னால் பறந்து, நீல வானத்துக்கு ஏறும். மூன்று பின்னணி, நாலே நொடி. ஒவ்வொன்றுக்கும் கேமரா ஒவ்வொரு கணக்குப் போடும், உங்கள் +2 காட்டின் முன்னால் பறவையை வெளுத்துக்கட்டிவிடும். ஆனால் பறவையின் மேல் விழும் வெயில் மாறவே இல்லையே. ஆகவே நான் முழு மேனுவலில்தான் வைப்பேன். வெயில் விழும் பனியைப் பார்த்து ஒரு தடவை செட் செய்துகொண்டு, பின்னணி எது வந்தாலும் தொடமாட்டேன். தெளிந்த காலை 9 மணிக்கு எனக்கு வழக்கமாக அமைவது எஃப் 8, 1/2000 நொடி, ஐஎஸ்ஓ 400. மேகம் வந்தால் ஐஎஸ்ஓ மட்டும் ஏறும்.

வெள்ளைப் பறவை, வெள்ளைப் பனி. இறகின் வரிகள் எப்படித் தெரியும்?

வெளுத்துப்போன இடம் மினுங்கிக் காட்டும் வசதியைப் போட்டு வையுங்கள். பனியில் ஆங்காங்கே மினுங்கினால் பரவாயில்லை, பறவையின் முதுகில் மினுங்கினால் மூன்றில் ஒரு ஸ்டாப் குறையுங்கள். ஹிஸ்டோகிராமில் (படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) மேடு வலப்பக்கச் சுவரை நெருங்க வேண்டும், அதில் ஏறி ஒட்டிக்கொள்ளக்கூடாது. கழுத்தின் கருப்பு இடப்பக்கம் ஒரு சின்ன மேடாக நிற்கும், படத்தை RAW கோப்பாக எடுத்திருந்தால் அதைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். போன வெள்ளை வராது.

அதைவிடப் பெரிய விஷயம் வெயிலின் திசை. உச்சிவெயிலில் இரண்டு வெள்ளையும் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் வரும் காலை வெயிலில் ஒவ்வொரு இறகுக்கும் ஓரத்தில் மெல்லிய நிழல் விழும், நீங்கள் கேட்ட வரி அதுதான். அந்த உயர அட்சத்தில் பிப்ரவரிச் சூரியன் நண்பகலிலும் அவ்வளவு மேலே ஏறாது என்பது நமக்குச் சாதகம்.

நிழல் எல்லாம் நீலமாக வருகிறதே?

நிழலில் கிடக்கும் பனிக்கு வெளிச்சம் தருவது வானம், வானம் நீலம். முழுக்கத் துடைத்து எடுக்காதீர்கள். நீலம் போனால் குளிரும் போய்விடும், மைதா கொட்டியது மாதிரி இருக்கும்.

பனி பொழியும்போது எடுக்கலாமா?

அப்போதுதான் எடுக்க வேண்டும். எல்லோரும் காருக்குள் ஓடும் நேரம் அது.

1/500 நொடியும் அதற்கு மேலும் வைத்தால் பனித்துகள் புள்ளி புள்ளியாக நிற்கும். 1/60-க்கு இறக்கினால் கோடாக இழுக்கும். பறவை அசையாமல் நின்றால் கோடு அழகு. பின்னணியில் இருண்ட மரம் இருந்தால்தான் இரண்டும் தெரியும், வெள்ளை வானத்தின் முன்னால் பொழியும் பனி படத்தில் காணாமலே போகும்.

தொல்லை ஆட்டோஃபோகஸில். பறவைக்கும் உங்களுக்கும் நடுவே விழும் துகளைப் பிடித்துக்கொண்டு லென்ஸ் முன்னும் பின்னும் அல்லாடும். புதிய கேமராக்களில் பறவையின் கண்ணைத் தேடும் வசதி பெரும்பாலும் சமாளிக்கும், ஆனால் கனத்த பனியில் அதுவும் திணறும். தொலைவு வரம்புப் பொத்தான் லென்ஸில் இருந்தால் கிட்டத்தைத் தவிர்க்கும்படி வையுங்கள். ஃபோகஸ் புள்ளியைச் சிறியதாக்குங்கள். அதுவும் ஆகாவிட்டால் கையால் திருப்பி நிறுத்திவிட்டுப் பறவை அந்தத் தூரத்திலேயே இருக்கும்வரை எடுங்கள்.

பேட்டரி எத்தனை வேண்டும்?

மூன்று. ஒன்று கேமராவில், இரண்டு சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி. கோட்டின் வெளிப்பையில் வைத்தால் வைக்காத மாதிரிதான். குளிரில் பேட்டரி தீர்வதில்லை, உள்ளே வேதிவினை மந்தமாகி மயங்கிப் போகிறது. 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது சட்டென்று அணையும். கழற்றி அரைமணி நேரம் கக்கத்துப் பக்கம் வைத்தால் மறுபடி உயிர் வரும். எடுத்ததை ஒவ்வொன்றாகத் திரையில் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை அங்கே விட்டுவிடுங்கள். திரையும் அந்தக் குளிரில் ஊர்ந்துதான் மாறும்.

அறைக்குத் திரும்பியதும் லென்ஸ் முழுக்க வேர்த்துவிட்டது என்கிறார்களே?

எனக்கே நடந்தது. முதல் பயணம், இரண்டாம் நாள். மைனஸ் 18-இல் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு, பசியில் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே தங்கியிருந்த விடுதியின் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்துவிட்டேன். உள்ளே சூப்பு கொதிக்கிறது, பக்கத்தில் வெந்நீர்க் குளியல். இட்லிப் பானையைத் திறந்தால் மூக்குக்கண்ணாடி என்ன ஆகுமோ அது ஒரு 600 மி.மீ. லென்ஸுக்கு ஆனது. துடைத்தேன், மறுபடி மூடியது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வெளியே நரி போகிறது என்று யாரோ சொல்ல, ஈரக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முன்கண்ணாடியில் ஈரம் அப்படியே ஐஸ் ஏடாக உறைந்தது, ஜூம் வளையம் இறுகிப்போனது. அன்று மதியம் வரை படம் கிடையாது. நரியும் கிடைக்கவில்லை.

செய்ய வேண்டியது எளிது. வெளியிலேயே, குளிரிலேயே, கேமராவை ஜிப் வைத்த பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடிவிட்டு உள்ளே கொண்டுபோங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படியும். இரண்டு மணி நேரமாவது திறக்காதீர்கள். படங்களைப் பார்க்கக் கை பரபரக்கும் என்பதால், மெமரி கார்டை வெளியில் இருக்கும்போதே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பை இல்லாவிட்டால் கேமரா பேக்கை இறுக்கி மூடி, அறையில் வெப்பம் குறைவான மூலையில் வையுங்கள்.

இன்னொன்று: லென்ஸில் பனி ஒட்டினால் வாயால் ஊதாதீர்கள். மூச்சில் இருப்பது தண்ணீர், அங்கேயே உறையும். மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். வ்யூஃபைண்டர் பக்கம் மூக்கால் விடும் மூச்சுக்கும் இதே கதைதான்.

காருக்குள் இருந்தபடி எடுக்கலாமா? ஹீட்டரும் இருக்கும், பறவையும் பயப்படாது.

பறவை பயப்படாது என்பது சரி. ஹீட்டர்தான் எதிரி. கோடையில் தார்ச்சாலைமேல் கானல் நெளியுமே, அதேதான் ஜன்னலில் நடக்கும். உள்ளே 22 டிகிரி, வெளியே மைனஸ் 10, இரண்டும் சந்திக்கும் இடத்தில் உங்கள் லென்ஸ். காற்று கலங்கி, படம் தண்ணீருக்குள் எடுத்தது மாதிரி வரும். ‘என் லென்ஸ் மந்தமாக இருக்கிறது, சர்வீஸுக்கு அனுப்பவா’ என்று கேட்டு வந்த படங்களில் பாதி இப்படி எடுத்தவை. ஹீட்டரையும் எஞ்சினையும் நிறுத்தி, கண்ணாடியை முழுக்க இறக்கி, உள்ளும் புறமும் ஒன்றாகக் குளிரும் வரை காத்திருங்கள். உங்களுக்கும் குளிரும்தான்.

வெயில் ஏறியபின் பனிவயலின் மேலும் கானல் எழும். தூரத்துப் பறவையைப் பதினொரு மணிக்கு எடுத்துக் கூர்மை தேடாதீர்கள்.

உடை?

மூன்று அடுக்கு, கம்பளி உள்ளாடை, காற்றுப் புகாத மேலாடை என்று எல்லோரும் சொல்வதுதான். கையுறை மட்டும் இரட்டையாக: உள்ளே பொத்தான் அழுத்த வாகான மெல்லியது, மேலே விரல் நுனியைத் திறந்து மூடக்கூடிய கனமானது. வெறும் விரலால் ட்ரைபாடின் உலோகத்தைத் தொடாதீர்கள், ஒட்டும். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், இறுக்கமான பூட்ஸில் இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்தம் ஓடாமல் இன்னும் குளிரும். எந்தக் கடையிலும் ‘கைரோ’ என்ற சூட்டுப் பை கிடைக்கும், உறையைப் பிரித்ததும் காற்றுப் பட்டுச் சூடாகும். காலுக்கென்று தனி ரகம் இருக்கிறது, அதை வாங்குங்கள். கைக்கானதைப் பூட்ஸுக்குள் திணித்தால் காற்றில்லாமல் பாதியில் ஆறிவிடும்.

ராவுசுவில் கழுகுப் படகு ஏறலாமா?

ஏறலாம். ஆனால் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று தெரிந்து ஏறுங்கள். ஸ்டெல்லர் கடற்கழுகு கம்சட்காவிலும் ஓக்கோட்ஸ்க் கடலோரத்திலும் கூடு கட்டி, குளிர்காலத்தில் இங்கே இறங்கி வரும். ஒன்பது கிலோ வரை எடை, அரிவாள் மாதிரி மஞ்சள் அலகு, வெள்ளைத் தோள்பட்டை. படகு இருட்டிலேயே கிளம்பும், குனாஷிர் தீவின் பின்னால் சூரியன் எழும், படகிலிருந்து பனிக்கட்டிமேல் மீன் எறிவார்கள், கழுகுகள் இறங்கும். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் படம் எடுப்பீர்கள். ஆயிரமும், பக்கத்தில் நின்றவர் எடுத்த ஆயிரமும் ஒன்றுபோல இருக்கும். பனிக்கட்டி காற்றின் போக்கில் வரும், ஒரே இரவில் போகவும் செய்யும். வராத ஆண்டில் பயணமே வேறு மாதிரி.

மீன் எறிவது சரியா என்று கேட்பவர்களுக்கு: எனக்கு மனம் முழுக்க ஒப்பவில்லை, ஒருமுறை போனேன், மறுமுறை போகவில்லை. தன்ச்சோவுக்குப் போட்ட சோளம் ஒரு இனத்தைக் காப்பாற்றியது, இது படத்துக்காகப் போடுவது. அதற்குப் பதில் நெமுரோ பக்கம் ஃபூரென் ஏரிக்குப் போங்கள். உறைந்த ஏரியில் துளையிட்டு, பனிக்கு அடியில் வலை கட்டி மீன் பிடிப்பார்கள். விலைபோகாத மீனைப் பனிமேல் விட்டுப் போவார்கள், அதற்குக் கழுகுகள் காத்திருக்கும். மீனவர், வலை, கழுகு, காக்கை எல்லாம் ஒரே படத்தில். தூரம்தான் அதிகம்.

பறவைக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம்?

மீட்டர் கணக்குக் கேட்காதீர்கள், பறவையைப் பாருங்கள். மேய்ந்துகொண்டிருந்த தன்ச்சோ தலையைத் தூக்கிக் கழுத்தை விறைத்து உங்களையே பார்த்தால் ஏற்கெனவே அதிகம் வந்துவிட்டீர்கள். குளிர்காலத்தில் பகல் குறைவு, இரவு நீளம். அந்தக் குறைந்த பகலில் தின்றதை எரித்துத்தான் அவை அந்த இரவைக் கடக்கின்றன. ‘பறக்கிற ஷாட் வேணும்’ என்று ஒருவர் கைதட்டிக் கிளப்பினால், அந்த வெப்பம் பறவையின் கணக்கிலிருந்துதான் கழியும்.

த்சுருய் மாட்டுப்பண்ணைகள் நிறைந்த ஊர். பனி மூடிய வெளியெல்லாம் பொதுநிலம் போலத் தெரியும், அது யாரோ ஒருவரின் மேய்ச்சல் நிலம். சாலையோரத்தை விட்டு இறங்காதீர்கள். ஆந்தை அமரும் மரப்பொந்தின் இடத்தை இணையத்தில் போடாதீர்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

பெரிய லென்ஸ் இல்லாதவர்களுக்கு ஏதாவது?

குஷ்ஷாரோ ஏரியின் சுனாயு கரை. மணலுக்கடியில் வெந்நீர் ஊறுவதால் ஓரம் மட்டும் உறையாது, அன்னங்கள் அந்தக் கதகதப்புக்கே ஒதுங்கும். கைபேசியிலேயே எடுக்கலாம், காலடி வரை வரும்.

ஷிமா எனாகா என்ற குட்டிப் பறவை கிடைக்குமா? வீட்டில் குழந்தைகள் அதைத்தான் கேட்கிறார்கள்.

வெள்ளைப் பஞ்சுருண்டையில் இரண்டு மிளகு ஒட்டிய மாதிரி முகம். நுனிவால் வரை 14 செ.மீ., அதில் பாதிக்கு மேல் வால்தான். எடை எட்டு கிராம், இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. பஞ்சுருண்டையாகத் தெரிவதும் குளிரால்தான், இறகை உப்பிக் காற்றைச் சிறைப்பிடித்துக் கம்பளி ஆக்கிக்கொள்கிறது.

தேடிப் பின்னால் ஓடினால் கிடைக்காது. கூட்டமாக வரும், ஒரு மரத்தில் அரை நிமிடம் இருக்கும், போய்விடும். பிப்ரவரிக் கடைசியில் மேப்பிள் மரத்தின் ஒடிந்த கிளையில் சாறு கசிந்து ஐஸ் குச்சியாகத் தொங்கும். அதை நக்க அவை திரும்பத் திரும்ப வரும். அப்படி ஒரு குச்சியைக் கண்டுபிடித்து, வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து, தள்ளி நின்று காத்திருங்கள். 1/1600-க்குக் குறையாமல் வையுங்கள், தலை அசைந்துகொண்டே இருக்கும். ஒரே ஒரு பறவை அந்தரத்தில் சிறகடித்தபடி குச்சி நுனியில் துளி குடிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேமராவில் இருப்பது வெறும் ஐஸ் குச்சி.

தன்ச்சோ கூவும்போது வாயிலிருந்து மூச்சு புகையாக வருமே, அந்தப் படம் எப்படி எடுப்பது?

காலையில், சூரியனைப் பார்த்தபடி நின்று. பின்னால் நிழலில் இருண்ட மரங்கள் இருக்க வேண்டும், மைனஸ் 10-க்குக் கீழே இருந்தால் நல்லது. மூச்சின் மேல் பின்னாலிருந்து வெயில் பட்டால்தான் அது ஒளிரும், முன்பக்க வெயிலில் தெரியவே தெரியாது. மீட்டரை நம்பாமல் ஒரு ஸ்டாப் குறைத்து வையுங்கள், உடலின் ஓரம் பொன்கோடாக நின்றால் போதும்.

தனிப்பறவையை விட்டுவிட்டு ஜோடியைப் பாருங்கள். பக்கத்தில் வந்து நின்று, இரண்டும் சேர்ந்தாற்போல் தலையை உயர்த்தினால் கூவப்போகின்றன. அதற்கும் முதல் குரலுக்கும் நடுவே ஒரு நொடிதான். அலகு திறக்கும் முன்பே பொத்தானில் விரல் அழுந்த வேண்டும். சத்தம் கேட்டு அழுத்தினால் மூச்சு கலைந்திருக்கும். தோற்றத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலத்தான் இருக்கும், பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆண் நீளமாக ஒரு தடவை கூவும், பெண் அதற்குச் சின்னதாக இரண்டு தடவை பதில் கூவும். எடுத்த தொடர் படங்களை வரிசையாகப் போட்டுப் பாருங்கள், ஒற்றைப் புகை விடுவது எது, இரட்டை விடுவது எது என்று எண்ணிவிடலாம்.